மூன்று ‘ஏ’ இருந்தும் அனுமதிக் கடிதம் வராதது ஏன்?

இலங்கையில் பல்கலைக்கழகம் போவதற்குக் கேட்கப்படுவது ஒரே ஒரு இலக்கம்: உயர்தரப் பரீட்சைப் புள்ளிகளிலிருந்து கணிக்கப்படும் இசட் புள்ளி. பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகும். மொறட்டுவையில் கட்டடக்கலை போன்ற சிலவற்றுக்கு மட்டும் இடையில் உளச்சார்புப் பரீட்சை ஒன்று வரும். மற்றப்படி பிள்ளை யார், பாடசாலை விட்ட பிறகு என்ன செய்கிறது, ஆசிரியர் அதைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. கொழும்பு மாவட்ட வெட்டுப்புள்ளியோடு மல்லுக்கட்டிப் பழகிய வீடுகளில் இந்தக் கணக்கு ஊறிப்போயிருக்கிறது. அதே கணக்கோடு ஹார்வர்ட்டுக்கும் ஒக்ஸ்போர்ட்டுக்கும் விண்ணப்பம் போடும்போதுதான் பிசகுகிறது.

மூன்று ஏ அங்கே விண்ணப்பத்தை வாசிக்க வைக்கும். தெரிவுசெய்ய வைக்காது, ஏனென்றால் மேசையில் இருக்கும் மற்றக் கோவைகளிலும் அதே மூன்று ஏ இருக்கிறது. 2018 இல் ஹார்வர்ட்டின் அனுமதி முறைக்கு எதிரான வழக்கு பொஸ்டனில் விசாரணைக்கு வந்தபோது, உள்ளே எப்படிப் புள்ளியிடுகிறார்கள் என்பது நீதிமன்ற ஆவணங்கள் வழியே வெளியே தெரிந்தது. கல்வி, புறச்செயற்பாடு, விளையாட்டு, ஆளுமை என்று நான்கு தலைப்புகள். 1 தான் உச்சம், 6 அடிமட்டம். ஆசிரியர் கடிதங்களுக்கும் பழைய மாணவர் நடத்தும் நேர்முகத்துக்கும் தனித்தனிப் புள்ளி. 2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதே வழக்கில் இனத்தைக் கணக்கிலெடுப்பதை நிறுத்தியது; இந்த மற்ற அளவுகோல்களைத் தொடவில்லை. அதாவது, எங்கள் பிள்ளைகள் பதின்மூன்று வருடம் உழைத்தது முழுவதும் அங்கே பல தலைப்புகளில் ஒன்றுக்குள் அடங்கிவிடுகிறது.

முதலில் எந்த நாடு

பிரித்தானியா, அமெரிக்கா, கனடா மூன்றும் பெறுபேற்றுக்கு அப்பால் பார்ப்பதாகச் சொன்னாலும் மூன்றும் பார்ப்பது வேறு வேறு விஷயங்களை. வெள்ளவத்தை ரியூட்டரி வாசலில் பிள்ளைக்காகக் காத்து நிற்கும் பெற்றோர் பேச்சில் இவை எல்லாம் ஒன்றாகக் குழைந்துவிடும். லண்டனில் இருக்கும் சித்தப்பா சொன்னது பொஸ்டனுக்குப் பொருந்தாது.

ஒக்ஸ்போர்ட்டும் கேம்பிரிட்ஜும் தேடுவது பாடத்தின் மீதுள்ள பசியை. கிரிக்கெட் அணித் தலைவர், சிரேஷ்ட மாணவத் தலைவர் என்பதெல்லாம் அங்கே அநேகமாக எடுபடாது. பாடத்திட்டத்துக்கு வெளியே அதே பாடத்தில் என்ன வாசித்தீர்கள், எந்தக் கணக்கோடு மாரடித்தீர்கள் என்பதே கேள்வி. பிரித்தானியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்பமான யூகாஸில், 2026 அனுமதியிலிருந்து பழைய நீண்ட தனிநபர் கூற்றுக்குப் பதிலாக மூன்று கேள்விகள் வந்துவிட்டன. ஏன் இந்தப் பாடம்? இதுவரை படித்தது உங்களை எப்படித் தயார்ப்படுத்தியது? வகுப்புக்கு வெளியே வேறென்ன செய்தீர்கள், அது ஏன் பயன்படும்? மூன்றுக்கும் சேர்த்து, இடைவெளிகள் உட்பட, 4,000 எழுத்துகள். ஒவ்வொன்றிலும் குறைந்தது 350 இருக்க வேண்டும்.

மூன்றாவது கேள்வியைக் கண்டதும் இன்டரக்ட், லியோ, சாரணர், நாடகமன்றம் எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டுவது கொழும்பு விண்ணப்பங்களின் வழமை. பொறியியலுக்குப் போகிறவர் அங்கே ஐந்நூறு, அறுநூறு எழுத்துக்கு மேல் செலவழிக்காமல் மிச்சத்தை முதல் இரண்டுக்கும் கொடுப்பது நல்லது. இணைந்த கணிதத்தில் விசையியல் படித்தேன் என்று நிறுத்தினால் அது எல்லோருக்கும் பொதுவான வரி. வளித்தடையைப் புறக்கணிக்குக என்று வினாத்தாள் சொல்கிறதே, புறக்கணிக்காவிட்டால் எறியத்தின் வீச்சு எவ்வளவு குறையும்? அதைக் கணிக்க உயர்தரக் கணிதம் ஏன் போதாமல் போகிறது? ஒரு சிறிய நிரல் எழுதி விடையைக் கிட்டத்தட்டப் பிடிக்க முடிந்ததா? இப்படி ஒரு கேள்வியைத் துரத்திப்போன வழியை எழுதினால் நேர்முகத்தில் அதையே பிடித்துக் கேட்பார்கள், பிள்ளைக்கும் பேசுவதற்கு ஏதாவது இருக்கும். வாசிக்காத புத்தகத்தின் பெயரைப் போடுவதைவிட ஆபத்தான காரியம் இந்த விண்ணப்பத்தில் வேறில்லை.

இந்த இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும், மருத்துவத்துக்கும் முடிவுத் திகதி ஒக்டோபர் 15, பிரித்தானிய நேரம் மாலை 6 மணி. கொழும்பில் அப்போது இரவு 10.30. ஒரே ஆண்டில் இரண்டுக்கும் விண்ணப்பிக்க முடியாது. யூகாஸில் தெரிவுகள் ஐந்து. மருத்துவம் என்றால் அதற்கு நான்கு மட்டும். இதைவிட அடிக்கடி தவறிப்போவது நுழைவுப் பரீட்சைப் பதிவு. கேம்பிரிட்ஜ் பொறியியலுக்கு எசாட், சட்டத்துக்கு எல்னாட், மருத்துவத்துக்கு யூகாட் என்று வரும் இவற்றில் சிலவற்றுக்கு செப்டம்பரிலேயே கதவு மூடிவிடும். எல்லாவற்றுக்கும் முன்பாக ஒன்று: உங்கள் கற்கைநெறிக்கு உள்ளூர் உயர்தரத்தை ஏற்பார்களா, அல்லது லண்டன் ஏ.எல். கேட்பார்களா என்பதை அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் இலங்கைக்கான தகைமைப் பகுதியில் பாருங்கள். இதைப் பார்க்காமல் ஆறு மாதம் கூற்று எழுதித் திருத்துவதில் அர்த்தமில்லை.

கனடாவில் வாட்டர்லூ பொறியியல் தனியே ஒரு தகவற் படிவம் கேட்கும். பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் விண்ணப்பத்தோடு தனிநபர் விபரக் கேள்விகளுக்கும் பதில் எதிர்பார்க்கும். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் லெஸ்டர் பி. பியர்சன் புலமைப்பரிசிலுக்கு ஒரு பாடசாலை ஒரே ஒரு மாணவரைத்தான் முன்மொழியலாம். இப்படியொன்று இருப்பதே அதிபருக்குத் தெரியாமல் போவது சாதாரணம், ஆகவே முதலில் போய்ச் சொல்கிற பிள்ளைக்கு அனுகூலம் உண்டு. மெல்பேர்ன், சிட்னிப் பக்கம் போகிறவர்கள் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு இதையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டுப் புள்ளியையே கவனிக்கலாம்.

அமெரிக்காவில் எதை எவ்வளவு மதிக்கிறார்கள் என்பதை ஊகிக்கத் தேவையில்லை. அங்குள்ள பல்கலைக்கழகங்களில் அநேகமானவை ஆண்டுதோறும் ‘கொமன் டேட்டா செட்’ என்ற அறிக்கையை வெளியிடுகின்றன. பல்கலைக்கழகப் பெயரோடு இந்தச் சொல்லைச் சேர்த்துத் தேடினால் கிடைக்கும். அதில் சி7 என்ற பகுதிக்குப் போங்கள். பாடங்களின் கடினம், கட்டுரை, பரிந்துரைக் கடிதம், நேர்முகம், புறச்செயற்பாடு, குணநலன், தொண்டு வேலை, சம்பள வேலை, குடும்பத்தில் முதற் பட்டதாரியா, விண்ணப்பதாரர் காட்டும் ஆர்வம் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘மிக முக்கியம்’, ‘முக்கியம்’, ‘கவனிக்கப்படும்’, ‘கவனிக்கப்படாது’ என்ற நான்கில் ஒன்றில் அடையாளம் இருக்கும். எம்.ஐ.ரி. எனப்படும் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம் குணநலனை ‘மிக முக்கியம்’ என்றும் விண்ணப்பதாரரின் ஆர்வத்தைக் ‘கவனிக்கப்படாது’ என்றும் குறிக்கிறது. அப்படியிருக்க எம்.ஐ.ரி.க்கு மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் அனுப்பி ஆர்வம் காட்டுவதில் பயனில்லை. எட்டுப் பல்கலைக்கழகங்களின் சி7 பகுதியை ஒரு தாளில் அருகருகே எழுதி வைத்தால், யாருக்கு எதைக் காட்ட வேண்டும் என்பது ஒரு பின்னேரத்தில் தெளிந்துவிடும்.

பத்துப் பெட்டிகள்

கொழும்பு வீடுகளில் ஒரு கோவை இருக்கும். பிளாஸ்ரிக் உறைக்குள் முன்பள்ளி மாறுவேடப் போட்டி தொடக்கம் நேற்றைய கருத்தரங்குப் பங்கேற்பு வரை எல்லாச் சான்றிதழும். அதை ஸ்கேன் செய்து அனுப்ப இடமே இல்லை என்று தெரியும்போது பெற்றோர் திகைத்துப்போகிறார்கள்.

பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான கொமன் அப் விண்ணப்பத்தில் செயற்பாடுகளுக்கு இருப்பவை பத்துப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் பொறுப்பின் பெயருக்கு 50 எழுத்து, அமைப்பின் பெயருக்கு 100 எழுத்து, என்ன செய்தீர்கள் என்பதற்கு 150 எழுத்து. ஆங்கிலத்தில் அது இருபது, இருபத்தைந்து சொல். கூடவே எந்தத் தரங்களில் செய்தீர்கள், வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம், ஆண்டுக்கு எத்தனை வாரம். கௌரவங்களுக்குத் தனியே ஐந்து வரி, வரிக்கு 100 எழுத்து. எம்.ஐ.ரி. கொமன் அப்பில் இல்லை. அதன் சொந்த விண்ணப்பத்தில் செயற்பாடுகளுக்கு இடம் நான்கே நான்கு.

இவ்வளவு ஒடுங்கிய இடத்தில் பட்டம் பதவிகள் அடிபட்டுப் போகும். ‘தமிழ் இலக்கிய மன்றச் செயலாளராகப் பல நிகழ்ச்சிகளை வெற்றிகரமாக நடத்தினேன்’ என்ற வரியைப் படித்து முடித்தவருக்கு எதுவுமே தெரிய வராது. ‘தரம் 6 முதல் 8 வரை 24 பேருக்கு வெள்ளிதோறும் விவாதப் பயிற்சி, தலைப்புகளும் மதிப்பீட்டுத் தாளும் நானே தயாரித்தேன், 9 பேர் வலயப் போட்டிக்குத் தெரிவு’ என்றால் ஒரு மனிதர் தெரிகிறார். எத்தனை பேர், எவ்வளவு காலம், நீங்கள் இல்லாவிட்டால் எது நடந்திராது: இந்த மூன்றும் 150 எழுத்துக்குள் வந்துவிட்டால் போதும். ‘தலைமைத்துவம்’, ‘ஆர்வம்’, ‘அர்ப்பணிப்பு’ என்ற சொற்களை வெட்டினால் அதற்கான இடம் தானாகக் கிடைக்கும்.

மணித்தியாலங்களை யாரும் கூட்டிப் பார்க்கமாட்டார்கள் என்று நினைப்பது பெரிய பிழை. அரசாங்கப் பாடசாலை காலை 7.30 முதல் பிற்பகல் 1.30 வரை, அதன் பிறகு வாரத்தில் நான்கைந்து நாள் ரியூசன். அப்படியிருக்க வாரத்துக்கு எட்டு மணித்தியாலம் என்று பத்துப் பெட்டியிலும் போட்டால் 80 மணித்தியாலம். நித்திரை எங்கே? பருவத்துக்குப் பருவம் மாறும் செயற்பாடுகளுக்கு வாரங்களைக் குறையுங்கள். பாடசாலைக் கிரிக்கெட் பிக் மேட்ச் கால வேலை ஆண்டுக்கு ஆறு வாரம் என்றால் ஆறு என்றே போடுங்கள். ஆறு என்று எழுதியவரின் மற்ற இலக்கங்களையும் நம்பலாம்.

உள்ளூர்ப் பெயர்களை அப்படியே விட்டால் வெளிநாட்டில் வாசிப்பவருக்கு எடை தெரியாது. அகில இலங்கைத் தமிழ்மொழித் தினப் போட்டி என்று பெயரை மட்டும் எழுதாமல், கல்வி அமைச்சு நடத்தும் தேசியப் போட்டி, வலயம், மாகாணம் என்று படிப்படியாக வென்று தேசிய மட்டத்துக்குப் போனது என்பதைச் சேருங்கள். மட்டத்தைக் குறிக்கும் பெட்டியில் மாகாணப் பரிசுக்குத் ‘தேசியம்’ என்று அடிப்பது பொய். அந்தப் பொய் பாடசாலையிலிருந்து போகும் அறிக்கையோடு முரண்பட்டால் மற்ற ஒன்பது பெட்டிகளும் சேர்ந்து கெடும்.

கர்நாடக இசையும் பரதமும் இன்னொரு உதாரணம். வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைகளில் ஒவ்வொரு தரமாக ஏறி ‘கலாவித்தகர்’ பட்டம் வரை போன பிள்ளைகள் பம்பலப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் கணிசமாக இருக்கிறார்கள். பத்து வருடப் பயிற்சி அது. பெட்டியிலோ ‘நடனம், தரம் 5’ என்று இரண்டு சொல். எழுத்துப் பரீட்சையும் செய்முறைப் பரீட்சையும் உண்டு என்பதையும், அரங்கேற்றம் செய்திருந்தால் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் தனியே மேடையில் நின்று ஆடியது என்பதையும் சொல்லுங்கள். சில பல்கலைக்கழகங்கள் கலைத்திறனுக்கு மேலதிகக் காணொளிப் பதிவை ஏற்கின்றன. முழு அரங்கேற்றத்தையும் அனுப்பாமல் வர்ணத்திலிருந்து ஒரு பகுதி, பதம் ஒன்று என்று சில நிமிடங்களுக்குள், கமரா அசையாமல், ஒலி தெளிவாக எடுத்து அனுப்பினால் நல்லது. கலியாண மண்டப விளக்கு வெளிச்சத்தில் மாமா கைத்தொலைபேசியில் எடுத்தது பிள்ளைக்குத் தீங்கு.

மறைக்கப்படும் வேலை

இங்கே பிள்ளைகள் சொல்லக் கூசும் ஒன்று அங்கே பெறுமதியானது. கொமன் அப் செயற்பாட்டு வகைகளில் ‘குடும்பப் பொறுப்புகள்’ என்று ஒன்றும், ‘சம்பள வேலை’ என்று ஒன்றும் தனித்தனியே இருக்கின்றன. சனிக்கிழமைகளில் புறக்கோட்டையில் அப்பாவின் மொத்த வியாபாரக் கடையில் கணக்குப் பார்ப்பது, பக்கவாதம் வந்த அம்மம்மாவுக்கு மருந்து நேரம் பார்த்துக் கொடுப்பது, அம்மா வேலையால் வரும் வரை தம்பியைப் பார்த்துக்கொண்டு சோறு வைப்பது, சிங்களமும் ஆங்கிலமும் தெரியாத பெற்றோருக்காக வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் மொழிபெயர்த்து நிற்பது, இவையெல்லாம் அந்தப் பெட்டிகளுக்கு உரியவை. வாரத்துக்கு 12 மணித்தியாலம் வீட்டு வேலையில் போகிற பிள்ளையிடம் ஐந்து மன்றங்களின் தலைவர் பதவியை யாரும் எதிர்பார்க்கமாட்டார்கள். ஆனால் எழுதாவிட்டால் அந்த 12 மணித்தியாலம் அவர்கள் கண்ணில் சோம்பலாகத்தான் படும்.

இதற்கு நேர்மாறாக, ஒரு நாள் கடற்கரைத் துப்பரவும், ரீ-சேர்ட் அடித்துப் படம் எடுத்த இரத்ததான முகாமும் வாசிப்பவருக்கு மிகவும் பழக்கமானவை. விண்ணப்பத்துக்கு மூன்று மாதம் முன்பு பெற்றோர் காசில் பதிவுசெய்த ‘அமைப்பு’ம் அப்படியே. கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்தில் இரண்டு வருடம் சனிக்கிழமைகளில் புத்தகம் அடுக்கிப் பட்டியலிட்ட பிள்ளைக்கு அந்த அமைப்பின் தலைவரைவிட எழுதக் கூடுதல் இருக்கும். சாதாரண தரப் பரீட்சைக்கும் உயர்தர வகுப்புக்கும் இடையே வரும் மாதங்கள் இதைத் தொடங்க ஏற்ற காலம். பலர் அதையும் உயர்தர ரியூசனுக்கே கொடுத்துவிடுகிறார்கள்.

கடிதம் எழுதப்போகிறவர் உங்களை அறிவாரா

கொழும்பு விண்ணப்பங்கள் மிகப் பலவீனமாக இருப்பது இந்த இடத்தில்தான், பிள்ளையின் திறமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உயர்தர மாணவர்கள் தரம் 13 இல் வகுப்பறையில் இருப்பதில்லை. பரீட்சைக்குத் தோற்ற வேண்டிய 80 வீத வரவை எப்படியோ நிரப்பிவிட்டு, உண்மையான படிப்பை ரியூட்டரியில் படிக்கிறார்கள். பௌதிகவியலை விரும்ப வைத்தவர் முந்நூறு பேருக்கு ஒலிவாங்கியில் பாடம் எடுக்கும் ரியூசன் ஆசிரியர். அவருக்குப் பிள்ளையின் பெயர் தெரியாது. பாடசாலைப் பௌதிகவியல் ஆசிரியருக்குப் பெயர் தெரியும், முகம் மறந்துவிட்டது.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் கேட்பது பாடசாலையில் முக்கிய பாடம் கற்பித்த ஆசிரியரின் கடிதம். எம்.ஐ.ரி. கணிதம் அல்லது விஞ்ஞான ஆசிரியர் ஒருவரையும், மொழி, சமூகவியல் சார்ந்த பாட ஆசிரியர் ஒருவரையும் கேட்கும். உயர்தரத்தில் மூன்று பாடம் மட்டுமே எடுத்த கணிதப் பிரிவு மாணவருக்கு இரண்டாமவர் யார்? பொது ஆங்கில ஆசிரியர். அந்தப் பாட நேரத்தில்தான் எல்லோரும் நூலகத்துக்குள் ஒளிந்து கணக்குச் செய்கிறார்கள். ஆகவே தரம் 12 முதலாம் தவணையிலேயே இரண்டு ஆசிரியரைத் தீர்மானித்து, அவர்கள் வகுப்பில் இருங்கள், கேள்வி கேளுங்கள், ஒப்படையை நேரத்துக்குக் கொடுங்கள். ரியூசன் ஆசிரியர் உண்மையிலேயே அறிந்தவரென்றால் ‘மற்றைய பரிந்துரையாளர்’ இடத்தில் சேர்க்கலாம், பாடசாலை ஆசிரியருக்குப் பதிலாக முடியாது.

நமது ஆசிரியர்கள் எழுதிப் பழகியது நற்சான்றிதழ். ‘ஒழுக்கமானவர், கீழ்ப்படிவுள்ளவர், பாடசாலை விதிகளுக்கு அமைய நடந்துகொண்டவர்’ என்பது இங்கே பாராட்டு. அங்கே சொல்ல எதுவுமில்லாத கடிதம். ஆசிரியரிடம் ஒரு பக்கத் தாள் ஒன்று கொடுங்கள்: அவரது வகுப்பில் நடந்த மூன்று சம்பவங்கள், எந்தத் தவணை, எந்த அலகு, நீங்கள் எங்கே தடுமாறினீர்கள், பிறகு என்ன செய்தீர்கள். கடிதத்தை நீங்களே எழுதிக் கையொப்பம் கேட்காதீர்கள். கட்டுரையின் நடையும் கடிதத்தின் நடையும் ஒன்றாக இருப்பது வாசிக்கும்போதே தெரியும். ஆசிரியருக்கு ஆங்கிலம் சிரமமென்றால் தமிழில் விரிவாக எழுதட்டும். பாடசாலை ஆங்கில ஆசிரியரோ சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரோ மொழிபெயர்த்து, இரண்டையும் சேர்த்து அனுப்பலாம். மாணவரோ உறவினரோ மொழிபெயர்க்கக் கூடாது.

கொமன் அப்பில் கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று ஒரு கேள்வி வரும். விட்டுக்கொடுங்கள். பார்க்கும் உரிமையை வைத்துக்கொண்டால் ஆசிரியர் மனம்திறந்து எழுதவில்லை என்று வாசிப்பவர் நினைக்கலாம். ஆசிரியருக்கு அழைப்பு மின்னஞ்சலில் போகும், அவரோ வட்ஸ்அப்பில் வாழ்பவர். அனுப்பிய அன்றே சொல்லி, ஸ்பாம் பெட்டியையும் பார்க்கச் சொல்லுங்கள். உதவி என்ற பெயரில் அவருடைய கணக்கை நீங்களே திறந்து பதிவேற்றுவது மோசடி.

இன்னொரு காகிதம் யாரும் கேட்காமலே தேவைப்படுவது: பாடசாலை விபரக் குறிப்பு. சர்வதேசப் பாடசாலைகளில் இது தயாராக இருக்கும், அரசாங்கப் பாடசாலைகளில் அநேகமாக இருக்காது. அமெரிக்கர் கண்ணுக்கு 78 புள்ளி நடுத்தரம். இலங்கை உயர்தரத்தில் 75 முதல் ஏ என்பதை எங்காவது எழுதாவிட்டால், இணைந்த கணிதத் தவணைப் பரீட்சையில் வகுப்பிலேயே கூடிய 71ஐ எடுத்தவர் சராசரி மாணவராகத் தெரிவார். உயர்தரப் பிரிவுகள், மொழிமூலங்கள், வகுப்பு எண்ணிக்கை, புள்ளி வீச்சுகள், அந்தத் தவணையின் உச்சப் புள்ளி ஆகியவற்றை ஒன்றரைப் பக்கத்தில் பாடசாலைக் கடிதத்தாளில் தயாரிக்க அதிபர் அலுவலகத்துக்கு உதவுங்கள். தரம் 9 இலிருந்து தேர்ச்சி அறிக்கைகள் கேட்கப்படும். தொலைந்த தவணைகளைப் பாடசாலைப் பதிவேட்டிலிருந்து எடுத்து உறுதிப்படுத்த வாரக்கணக்காகும்.

650 சொல்

கட்டுரைக்கு 250 முதல் 650 சொல். கொழும்பிலிருந்து திரும்பத் திரும்பப் போகும் கட்டுரைகள் சில: 2022 எரிபொருள் வரிசை, சிறு வயது முதல் வைத்தியராகும் கனவு, விவாத இறுதிப் போட்டியில் தோற்று வென்றது. தலைப்பில் குற்றமில்லை. வரிசையில் நின்றதை எல்லோரும் எழுதுவார்கள். மின்வெட்டு அட்டவணையை வைத்து மாடிக் குடியிருப்புக்குத் தண்ணீர் மோட்டர் போடும் நேரத்தைக் கணக்கிட்டு எழுதி லிப்ட் பக்கத்தில் ஒட்டியவர் அதை மட்டும் எழுதினால் போதும். அம்மம்மாவின் 1983 ஜூலையை எழுதலாம். ஆனால் 650 சொல்லில் 500 அவருக்குப் போனால் தெரிவுக்குழு அம்மம்மாவுக்குத்தான் இடம் கொடுக்க நினைக்கும்.

எழுதியதை ஆசிரியர் திருத்தலாம், அக்கா வாசித்துக் கருத்துச் சொல்லலாம். காசு கொடுத்து எழுதுவித்ததோ செயற்கை நுண்ணறிவு எழுதியதோ வேறு இடத்தில் காட்டிக்கொடுக்கும். ஐ.ஈ.எல்.ரி.எஸ். ஆங்கிலப் பரீட்சையின் எழுத்துப் பகுதியில் 6.5 எடுத்தவரின் கட்டுரை சஞ்சிகை ஆசிரியர் தலையங்கம் போல ஓடினால் சந்தேகம் வராதா? யூகாஸ் எல்லாக் கூற்றுகளையும் ஒப்புமை காணும் மென்பொருளில் ஓட்டுகிறது.

காலி வீதி நெடுகிலும் இருக்கும் வெளிநாட்டுக் கல்வி முகவர்கள் பற்றி ஒரு வார்த்தை. பல முகவர்களுக்கு வருமானம் பல்கலைக்கழகங்கள் கொடுக்கும் கமிஷனில். ஹார்வர்ட்டும் ஒக்ஸ்போர்ட்டும் கமிஷன் கொடுத்துப் பிள்ளை பிடிப்பதில்லை, ஆகவே முகவர்களின் ஆலோசனை எந்தப் பக்கம் சாயும் என்பது தெரிந்ததே. அமெரிக்கா பற்றிய கேள்விகளுக்கு கொழும்பிலுள்ள அமெரிக்க-இலங்கை புல்பிரைட் ஆணைக்குழுவில் எடியுகேஷன் யூ.எஸ்.ஏ. ஆலோசனை நிலையம் இருக்கிறது. முதலில் அங்கே போங்கள்.

பணம்

இதைப் பலர் கடைசியில்தான் கேட்கிறார்கள். வெளிநாட்டு மாணவர் உதவிப்பணம் கேட்பதே பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் தெரிவைப் பாதிக்கும். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்ரன், எம்.ஐ.ரி., டார்ட்மத், அம்ஹேர்ஸ்ட், போடொயின் போன்ற சில மட்டுமே வெளிநாட்டவருக்கும் பணத்தேவையைப் பார்க்காமல் தெரிவுசெய்துவிட்டுப் பிறகு முழுத் தேவையையும் ஈடுசெய்கின்றன. மற்ற இடங்களில் முழு உதவி கேட்கும் விண்ணப்பம் இன்னும் வலுவாக இருக்க வேண்டும். பட்டியலில் இரண்டு வகையும் கலந்திருக்கட்டும். பலவற்றுக்கு சி.எஸ்.எஸ். புரொபைல் என்ற நிதிப் படிவம் வேண்டும். அப்பாவின் சம்பளத் துண்டு, வரி ஆவணம், வங்கிக் கூற்று, கடை வைத்திருந்தால் வரவு செலவு எல்லாம் ஆங்கிலத்தில். ‘ஏர்லி டிசிஷன்’ என்பது கிடைத்தால் போயே ஆக வேண்டிய உடன்படிக்கை, உதவிப்பணத்தைப் பற்றி வீட்டில் பேசாமல் அதில் கையொப்பமிடாதீர்கள்.

நாட்காட்டியும் பரீட்சையும்

கொமன் அப் ஓகஸ்ட் 1 இல் புதிய சுற்றுக்குத் திறக்கும். முன்கூட்டிய சுற்று விண்ணப்பங்களுக்கு முடிவுத் திகதி பெரும்பாலும் நவம்பர் 1, வழமையானவற்றுக்கு ஜனவரி முதல் வாரத்தை ஒட்டி. கொமன் அப் முடிவு நேரம் விண்ணப்பதாரரின் உள்ளூர் நேரம் இரவு 11.59. உயர்தரப் பரீட்சை நவம்பர், டிசம்பரில் வரும் ஆண்டென்றால் இரண்டும் நேருக்கு நேர் மோதும். அந்த வாரங்களில் இரசாயனவியல் மீட்டலுக்கு நடுவே கட்டுரை எழுதி உருப்பட்டவர் குறைவு. கட்டுரை ஓகஸ்ட் முடிவுக்குள், ஆசிரியரிடம் வேண்டுகோள் இரண்டாம் தவணைக்குள், எஸ்.ஏ.ரி. என்ற அமெரிக்க நுழைவுப் பரீட்சை அதற்கும் முன்பு. ஹார்வர்ட், டார்ட்மத், பிரவுண் போன்றவை 2024 இல் பரீட்சைப் புள்ளியை மீண்டும் கட்டாயமாக்கிவிட்டன, எம்.ஐ.ரி. 2022 இலேயே. ‘எஸ்.ஏ.ரி. தேவையில்லை’ என்ற பழைய தகவலை நம்பி இருக்காதீர்கள்.

நேர்முகம் வந்தால் பெரும்பாலும் சூமில், ஒரு பழைய மாணவரோடு அரை மணி முதல் ஒரு மணித்தியாலம். பாடமாக்கிப் போகாமல், உங்கள் பத்துப் பெட்டிகளில் எதைத் தொட்டாலும் மூன்று நிமிடம் பேசக்கூடியதாக இருங்கள்.

அமெரிக்க முடிவுகள் மார்ச் கடைசிக்குள் அல்லது ஏப்ரல் தொடக்கத்தில் வரும், பதில் மே 1க்குள். உயர்தரப் பெறுபேறு அதற்கு முன்பு வரலாம், பின்பும் வரலாம். அதனால் ஆசிரியர்கள் தரும் எதிர்பார்ப்புப் பெறுபேறு தவணைப் புள்ளிகளோடு பொருந்த வேண்டும். தவணையில் 48 எடுத்தவருக்கு ஏ என்று எழுதினால் மற்றதையும் நம்பமாட்டார்கள். ஜனவரிக்குப் பிறகு இடையாண்டு அறிக்கையும், பரீட்சை முடிந்து பிள்ளை பாடசாலையை விட்ட பிறகு இறுதி அறிக்கையும் அதே அதிபர் அலுவலகத்திலிருந்தே போக வேண்டும். இதற்குள் அதிபர் இடமாற்றம் பெற்றிருக்கலாம். அலுவலகத்தில் அந்த மின்னஞ்சலை உண்மையில் திறந்து பார்ப்பவர் யார் என்று முதலிலேயே கேட்டு, அவருடைய தொலைபேசி இலக்கத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.